மாமியார் வாசலில் ஒரு குழி

எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், மாமியார் வீட்டு வாசலில் நான் ஒரு குழி தோண்டினேன். நாலே கால் அங்குல அகலம். அளவில் தப்பே இருந்திருக்காது. என் அப்பா பூந்தமல்லிக் கடைத்தெருவில் தையல்காரர். பிறந்த வீட்டிலிருந்து நான் யாருக்கும் சொல்லாமல் எடுத்துவந்த ஒரே பொருள் அவருடைய பழைய அளவு நாடா. அதை மண்ணில் போட்டு அளந்து, களைக்கொட்டால் வட்டமாகக் கீறிவிட்டுத்தான் தோண்ட ஆரம்பித்தேன். பாதி தோண்டியிருப்பேன், மாமியார் வந்து தலைக்கு மேல் நின்றார்.

“இன்னாடி பண்ணிகினு கீறே? ஊட்டுல எலி தோண்டறது பத்தலியா?”

“உங்க புள்ளைக்குத்தான் அத்தே. பந்து தள்ளிப் பழகறதுக்கு.”

“அவன் இன்னா பச்சக் கொயந்தயா?”

நான் தோண்டிக்கொண்டே இருந்தேன். பதில் சொல்லியிருந்தால் சண்டையில் ஜெயித்திருப்பேன். குழி பாதியில் நின்றிருக்கும். எனக்கு அன்றைக்குச் சண்டையைவிடக் குழி பெரிதாக இருந்தது. என் சுபாவம் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

அந்த வீட்டில் பதினோரு பேர். மாமியார், என் வீட்டுக்காரரின் அண்ணன், அண்ணி, அவர்கள் பெற்ற ஆறு பிள்ளைகள், அப்புறம் நாங்கள் இரண்டு பேர். இத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு. சமையல் என்னுடையது, உப்பு மாமியாருடையது. அந்த வீட்டு வழக்கம் அப்படி. எத்தனை மருமகள் வந்தாலும் குழம்பில் உப்புப் போடுகிற கை மாமியாரின் கைதான். குழம்பு கொதி வந்ததும் நான் கூப்பிட வேண்டும். அவர் வருவார், சட்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் போடுவார், போய்விடுவார். அவர் கழனிப் பக்கம் போயிருந்தால் வரும்வரை குழம்பு சுண்டிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷத்தில் என் கையால் ஒரு கல் உப்பு அந்தச் சட்டியில் விழுந்ததில்லை. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அப்போது அழுகை வரும். தங்கமும் பட்டும் நான் கேட்கவில்லை. ஒரு தனி அடுப்பு, நானே உப்புப் போடுகிற ஒரு சட்டி, இவ்வளவுதான் கேட்டேன்.

அதற்கும் வாசலில் தோண்டிய குழிக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் வந்தபோது ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊர் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்த மேட்டு நிலத்தை வளைத்து வேலி போட்டார்கள். கொட்டகைகள் வந்தன, லாரிகள் வந்தன. ஒரு மூலையில் துரைமார் சாயங்காலத்தில் ஆடுவதற்காக ஒன்பது குழி வெட்டி கோல்ஃப் மைதானமும் வந்துவிட்டது. சின்ன வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து அடித்துக் கடைசியில் குழிக்குள் விழவைக்க வேண்டும், அதுதான் ஆட்டம். எத்தனை குறைவான அடியில் விழவைக்கிறானோ அத்தனைக்குக் கெட்டிக்காரன். குழியைச் சுற்றி அவர்கள் தேசத்தில் பசும்புல் வளர்ப்பார்களாம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் புல்லாவது பூண்டாவது! அதனால் மணலில் லாரிகளின் பழைய எண்ணெயைக் கலந்து, வட்டமாகக் கொட்டி, உருளை விட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். அந்த மணல் வட்டத்தின் நடுவில் குழி, குழிக்குள் ஒரு தகர டின். பந்து விழுந்தால் ‘டொக்’ என்று கேட்கும்.

என் வீட்டுக்காரர் அங்கே புல் செதுக்கப் போனவர். ஆள் வாட்டசாட்டமாக இருக்கவே, துரைமாரின் கோல் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆள் இல்லாத நேரத்தில் அவரும் கோலை வீசிப் பார்த்தார். கடப்பாரை பிடித்த கை அல்லவா, பந்து ஏரிக்கரை வரை போனது. ஒரு நாள் ஒரு துரை அதைப் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று பயந்து நின்றவரிடம், இன்னொன்று அடி என்று சொன்னாராம்.

மைதானத்தில் ‘மார்க்கர்’ என்று ஒரு வேலை இருந்தது. புதிதாக வருகிற துரைமாருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதும், ஜோடி இல்லாதவர்களோடு சேர்ந்து ஆடுவதும், கோல்களைப் பார்த்துக்கொள்வதும் மார்க்கரின் பொறுப்பு. அந்த வேலையோடு ஒரு ஓட்டு வீடும் உண்டு. வேலிக்கு உள்ளே ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில், ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தாழ்வாரம். இருந்த மார்க்கர் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. மத்தியானம் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் வேலிக்கு வெளியே நின்று அந்தப் பூட்டையே பார்ப்பேன். யார் வீட்டுப் பூட்டையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

மைதானத்துக்குச் செக்ரட்டரியாக இருந்த துரைக்கு என் வீட்டுக்காரரைப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு சிக்கல். எட்டத்திலிருந்து அத்தனை அழகாக அடிக்கிற மனுஷன், குழிக்குப் பக்கத்தில் வந்ததும் சொதப்பிவிடுவார். நாலடி தூரம்தான் இருக்கும், பந்தை லேசாகத் தள்ளினால் போதும். பாதிக்குப் பாதி ஓரத்தைத் தொட்டுவிட்டு வெளியே போகும். கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். “அண்ணாத்தே நானூறு கஜம் அடிப்பாரு, நாலு அடியில கோட்ட வுட்டுருவாரு” என்று என் காதுபடவே ஒருவன் சொன்னான். அவனை நான் பார்த்த பார்வையில் அவன் பீடியைக் கீழே போட்டுவிட்டான்.

துரை ஒரு தீர்மானத்துக்கு வந்தார். மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குழியைச் சுற்றி நாலடி தூரத்தில் பத்து பந்து வைப்பார். ஒன்பது உள்ளே போனால் மார்க்கர் வேலை இவருக்கு. போகாவிட்டால் பட்டணத்திலிருந்து ஒரு ஆள் தயாராக இருக்கிறான், மறுநாளே வந்து சேருவான். இதை என்னிடம் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் முகம் தொங்கிக் கிடந்தது.

“ஏன்யா, அம்மாந்தூரம் அடிக்கிறே, இம்மாந்தூரம் தள்ள வரலியா உனக்கு?”

“எட்டத்துல அடிக்கும்போது போனா போவுது, இல்லாட்டி போவட்டும்னு அடிக்கிறேன். கிட்ட வந்தா போயே ஆவணும்னு தோணுது. அப்பத்தான் கை கட்டையாப் பூடுது.”

எனக்கும் அந்தப் பூட்டிய வீட்டைப் பார்த்தால் நெஞ்சு அப்படித்தான் ஆகும். மறுநாள் காலையில் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

குழிக்குள் வைக்க ஒரு டின் வேண்டுமே. பட்டாளத்துக் குப்பையில் ஜாம் டின்கள் மலையாகக் கிடக்கும். நாடாவை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, சரியான டின் ஒன்றைக் கண்டுபிடித்தேன். என் வீட்டுக்காரர் எண்ணெய் மணலைக் கூடை கூடையாக அள்ளிவந்து கொட்டினார். சாணி தெளித்துப் பெருக்கிய வாசல், லாரி கொட்டகை மாதிரி நாற ஆரம்பித்தது. துரைமார் ஆடும்போது, தள்ளுவதற்கு முன்னால் மணலை ஒரு பலகையால் ஒரு தரம் நிரவிக்கொள்ளலாம், அது ஆட்டத்தில் அனுமதி உண்டு. எங்கள் வீட்டில் கையில் அகப்பட்ட பலகை ஒன்றுதான். எடுத்து நிரவினேன். அது மாமியார் தன் கல்யாணத்தில் உட்கார்ந்த மணை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு மாமியார் என்னோடு பேசவில்லை. மணையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய்க் கறை போகவில்லை. குழம்புக்கு உப்பு மட்டும் வழக்கம்போல வந்து போட்டார், இரண்டு மடங்காக. அந்த விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். மறுநாளே போய் அப்பாவின் கடையிலிருந்து பழைய வெட்டுப்பலகை ஒன்றைக் கொண்டுவந்தேன்.

துரைமார் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஆட வருவார்கள். அதனால் சோறு தின்ற பிறகு இவருக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. அந்த இரண்டு மணி நேரமும் வீட்டுக்கு வந்து வாசலில் பயிற்சி. இவரிடம் ஒரு தட்டுக்கோல் இருந்தது. பக்கத்தில் வந்த பந்தைத் தள்ளுவதற்கென்றே இருக்கிற குட்டைக் கோல் அது. எந்தத் துரையோ உடைத்து எறிந்ததை எங்கள் ஊர்த் தச்சர் வேலங்கம்பு செருகிச் சரிபண்ணிக் கொடுத்திருந்தார். நான் நாடாவைப் பிடித்து நாலடி அளந்து கோடு போடுவேன். இவர் தள்ளுவார். நான் குழிக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டு, விழுந்தால் எடுத்துக் கொடுப்பேன், விழாவிட்டால் ஓடிப் பொறுக்கிக் கொடுப்பேன். முதல் பதினைந்து நாள் ஓடி ஓடியே என் முழங்கால் விட்டுப்போயிற்று. பத்துக்கு ஐந்து. ஒரு நாள் ஆறு. மறுநாள் நாலு.

காலை வேளையில் அவர் மைதானத்துக்குப் போனதும், அப்படி என்னதான் அதில் கஷ்டம் என்று நானே கோலை எடுத்துப் பார்த்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினேன். பத்துக்கு எட்டு விழுந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை மார்க்கராக வைத்துக்கொள்ள மாட்டார்களே! திரும்பிப் பார்த்தால் மாமியார் நிலைப்படியில் நிற்கிறார்.

“நீ ஏண்டி அடிக்கிறே? துரைச்சாணி ஆவப் போறியா?”

“சும்மா பார்த்தேன் அத்தே.”

“அவனுக்கு வர்லன்னா வுட்டுரு. கடவுள் குடுத்த கழனி கீது, அண்ணன் கீறான். இங்கியே இருந்துட்டுப் போவட்டும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இவருக்கு வேலை கிடைத்தால் நாங்கள் தனியாகப் போய்விடுவோம் என்பது அவருக்குத் தெரியும். நானும் அதை மறைக்கவில்லை. மறைக்கிற ஜாதி இல்லை நான்.

விஷயம் பிடிபட்டது ஒரு புதன்கிழமை மத்தியானம். வழக்கம்போலக் குழிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறேன். என் கண் பந்தின் மேல் இல்லாமல், எதற்கோ இவர் முகத்தின் மேல் இருந்தது. கோல் பந்தில் படும் முன்னாலேயே இவர் முகம் நிமிர்ந்துவிட்டது. பந்து ஓரத்தில் போனது. அடுத்ததிலும் அதே. ஒன்று விடாமல் ஐந்து தரம் பார்த்துவிட்டு எழுந்து நின்றேன்.

“யோவ், பந்து வர்றதுக்கு முன்னாடி உன் மூஞ்சி வந்துருதுய்யா.”

“இன்னா சொல்றே?”

“வுழுந்துச்சா வுழுலியான்னு பாக்க அவசரம் உனக்கு. தல தூக்குனா தோள் தூக்குது, தோள் தூக்குனா கோல் கோணுது. நீ பாக்காதே. நான் பாத்துக்கறேன். நீ காதால கேளு. டொக்குன்னா வுழுந்துச்சு. வுழுலன்னா நானே ‘உம்’னு சொல்றேன். அது வரிக்கும் தல மண்ணுலதான் இருக்கணும்.”

முதலில் அவருக்கு அது பெரிய அவஸ்தையாக இருந்தது. கழுத்து தானாகவே மேலே எழும்பும். நான் வெட்டுப்பலகையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். தலை நிமிர்ந்தால் பிடரியில் ஒரு தட்டு. மெல்ல மெல்லக் கழுத்து அடங்கியது. பந்து இருந்த இடத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். டொக். அப்புறம்தான் மூச்சு விடுவார். ஏழானது. எட்டானது. ஐப்பசியில் ஒரு நாள் ஒன்பது விழுந்தபோது நான் வாசலிலேயே கைகொட்டிச் சிரித்தேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கஷ்டம் மாமியாருக்கு. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நடையில் பாயைப் போட்டுப் படுப்பார். தலைமாட்டிலிருந்து எட்டடி தூரத்தில் எங்கள் குழி. டொக். டொக். டொக். “மண்டையில ஆணி அடிக்கிறாப்ல கீது, நிறுத்துங்கடி!” என்று படுத்தபடியே கத்துவார். இவர் நிறுத்திவிடலாமா என்று என்னைப் பார்ப்பார். நான் அடுத்த பந்தை எடுத்து வைப்பேன். இரக்கம் இல்லாதவள் என்று நினைத்தாலும் சரி. எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் மத்தியானம் பயிற்சி வேண்டாம், கைக்கு ஓய்வு கொடு என்று நான்தான் சொல்லியிருந்தேன். விடிந்ததும் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். நான் தண்ணீருக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு பொதுக்கிணற்றுக்குப் போனேன். திரும்பிவந்து பார்த்தால் வாசல் குழியில் டின்னைக் காணோம். வெறும் குழி.

“டின்னு எங்க அத்தே?”

“அவன்தான் ஓடியாந்தான். அங்க கீற டின்ன எருமை மிதிச்சுப் போட்டுச்சாம். இத எடுத்துக் குடுன்னான், குடுத்தேன்.”

எங்கள் ஊர் எருமைகள் அந்த வேலியை என்றைக்கும் மதித்ததில்லை. தங்கள் மேய்ச்சல் நிலம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தன. அன்றைக்குப் பார்த்து ஒரு எருமை குழியில் காலை விட்டு டின்னை நசுக்கிவிட்டதாம். துரை முகம் சுளித்தாராம். இன்று இல்லையென்றால் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்து, வீட்டில் அதே அளவில் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு இவர் ஓடிவந்திருக்கிறார். நான் அளந்து எடுத்த டின் துரையின் மைதானத்துக்கே போகிறது என்றதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூழைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன்.

உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. கொடுக்காப்புளி வேலிக்கு வெளியே நின்றேன். நடுவில் ஒரு மண்மேடு மறைத்தது, அதற்கு அந்தப் பக்கம்தான் அந்த மணல் வட்டம். ஆள் தெரியாது, ஆனால் சத்தம் நன்றாகக் கேட்கும். காற்றுகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

‘டிக்’ என்று கோல் பந்தில் படுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

சரி, ஒன்று போனால் போகட்டும், ஒன்பது இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். மறுபடி ‘டிக்’. மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாவது. நாலாவது. தூக்கின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை கன்றிவிட்டது. ஆறாவதோடு எண்ணுவதை நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பத்து ‘டிக்’ கேட்டது. ஒரு ‘டொக்’ கூடக் கேட்கவில்லை.

திரும்பி நடந்தேன். கண்ணீர் என்று இல்லை, ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பத்தடி போயிருப்பேன், பின்னால் ‘டிக்’ என்று ஒன்று, உடனே ‘டொக்’ என்று ஒன்று. தெளிவாக, எங்கள் வாசலில் கேட்பது மாதிரியே. நின்றேன். பதினொன்றில் ஒன்று! பரிதாபப்பட்டு இன்னொன்று கொடுத்திருக்கிறார்கள், அது மட்டும் விழுந்து தொலைத்திருக்கிறது. அந்தப் பூட்டிய வீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஊர் எல்லையில் இவர் பின்னாலிருந்து ஓடிவந்து பிடித்தார். சட்டையெல்லாம் வியர்வை. ஒரு கையில் டின், இன்னொரு கையில் பச்சைக் கட்டம் போட்ட துணி ஒன்று.

“ஒம்போது!” என்றார். “ஒம்போது உள்ள!”

“பொய் சொல்லாதய்யா. நான் கேட்டுகினுதான் இருந்தேன்.”

“எனக்கும்தான் கேக்கல. மொதல் பந்து தள்ளிட்டு தல குனிஞ்சுகினே நிக்கறேன். டொக்குன்னு வரல. உம்னு சொல்லவும் நீ இல்ல. போச்சுடான்னு நெனச்சேன். தல தூக்கிப் பாக்க பயம். அப்பிடியே குனிஞ்சவாக்குல அடுத்த பந்துக்குப் போயிட்டேன். பந்து எடுக்கற ஆளு அப்பப்ப எடுத்துடறான், எது வுழுந்துச்சு எது போச்சுன்னு எனக்குத் தெரியாது. பத்தும் அப்பிடியே தள்ளினேன்.”

நடந்தது இதுதான். ஒன்று தவறியது, மற்றதெல்லாம் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. பத்தாவதை மட்டும் பலமாகத் தள்ளிவிட்டார். வேகமாகப் போன பந்து டின்னின் பின்பக்கத்தில் இடித்து வெளியே எகிறியிருக்க வேண்டியது, அதுவும் அமைதியாக உள்ளே இறங்கிவிட்டது. துரைக்குச் சந்தேகம் வந்து, குனிந்து கையை விட்டார். உள்ளே, தூவிய மணலுக்கு அடியில், துணி சுருட்டித் திணித்திருந்தது; டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் இவர் அதைக் கவனிக்கவில்லை. இது என்ன என்று கேட்டிருக்கிறார். என் வீட்டு டின்தான், துணி எனக்குத் தெரியாது என்று இவர் சொல்லியிருக்கிறார். இவர் முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். துணியை எடுத்துப் போட்டுவிட்டு, பத்தாவதை மட்டும் மறுபடி தள்ளு என்றார் துரை. தள்ளினார். அதுதான் எனக்குக் கேட்ட அந்த ஒரே ‘டொக்’. பத்து பந்துக்கும் ஒரு தரம்கூடத் தலையைத் தூக்காத ஆளை நான் பார்த்ததில்லை, இவனே மார்க்கர் என்று துரை சொன்னாராம்.

ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். கூழ் கொட்டிவிட்டது. அப்புறம்தான் அந்தத் துணியை நன்றாகப் பார்த்தேன். மாமியாரின் பழைய புடவை.

வீட்டுக்குள் நான் புயல் மாதிரித்தான் நுழைந்தேன். மாமியார் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். துணியை அவர் முன்னால் போட்டேன்.

“தூக்கம் போவுதுன்னுதானே அடச்சீங்க?”

அப்படித்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். நானே கையில் எடுத்துக் கொடுத்த சாக்கு அது. மாமியார் அரிசியிலிருந்து கையை எடுத்தார்.

“தூக்கத்துக்கு இல்ல. நேத்து மத்தியானமும் பழகுவீங்கன்னு வெச்சு, மேல மண்ணத் தூவிட்டேன். சத்தம் வர்லன்னா அவன் தடுமாறுவான்னு தெரியும், வேணும்னேதான் வெச்சேன். தனியாப் பூட்டீங்கன்னா அப்பறம் எங்க வரப் போறீங்க? காலையில ஓடியாந்து கேட்டான். உள்ள துணி கீதுடான்னு சொல்ல வாய் வரிக்கும் வந்துச்சு. சொல்லல.”

பொய் சொல்லியிருந்தால் நான் சாகிறவரை அவரை விட்டிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்ன ஆளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அந்தத் துணி இல்லன்னா கடைசிப் பந்து எகிறி வெளிய போயிருக்கும்மா. எட்டோட முடிஞ்சிருக்கும். துணி இருந்ததாலதான் இன்னொரு தபா தள்ளச் சொன்னாங்க.”

மாமியார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு முறத்தை மறுபடி எடுத்தார்.

“அப்ப வேல நான் வாங்கிக் குடுத்ததுதான்னு சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாது என்று பல்லைக் கடித்தும் வந்துவிட்டது.

தை பிறந்ததும் குடிபோனோம். அந்தப் பூட்டை நானே திறந்தேன். முதல் நாள் கத்தரிக்காய்க் குழம்பு கொதி வந்ததும் பழக்கத்தில் “அத்தே!” என்று கூப்பிட்டுவிட்டேன். யாரும் வரவில்லை. நானே ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டேன். இரண்டு வருஷத்து உப்பையும் சேர்த்துப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் தின்றுவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் மாமியார் வந்தார். மார்க்கரின் அம்மா என்று சொல்லி, வேலிக் காவல்காரனை அதட்டிவிட்டே உள்ளே வந்திருக்கிறார். இவர் மைதானத்தில் இருந்தார். நான் சோறு போட்டேன். தின்றார். “உப்பு தூக்கலா கீது” என்றார். ஆனால் குழம்பு மறுபடியும் கேட்டு வாங்கினார். பிறகு முந்தானையை விரித்துத் தரையில் படுத்தார். இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார்.

“ஒடம்பு சரியில்லையா அத்தே?”

“பத்து நாளா மத்தியானத்துல கண்ணு மூட மாட்டேங்குதுடி. ஊடே அமைதியாக் கீது.” படுத்தபடியே அறையைச் சுற்றிப் பார்த்தார். “அந்தக் கோல் இங்கதானே கீது?”

கோல் மூலையில் சார்த்தியிருந்தது. அந்த ஜாம் டின்னைப் புளியமரத்தடியில் புதைத்து எண்ணெய் மணலும் போட்டிருந்தோம். நான் வெளியே போய் நாடா இல்லாமலேயே நாலடி கணக்குப் பண்ணி, பந்தை வைத்துத் தள்ளினேன். ஓரத்தைத் தொட்டுவிட்டு வெளியே போனது.

உள்ளேயிருந்து, கண்ணைத் திறக்காமலேயே மாமியார் குரல் கொடுத்தார்.

“மூஞ்சியத் தூக்காதேடி.”

இரண்டாவது பந்தை வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.